அண்ணி விழுங்க மறுக்கும் மாத்திரை

என் ஆசை அண்ணா,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. உன் மறைமலைநகர் கம்பெனி பஸ் இன்றும் நான் நர்ஸாக இருக்கும் செங்கல்பட்டு கிளினிக் எதிரில்தான் நிற்கிறது. அந்த நேரத்தில் ஏதாவது வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுகிறேன்.

அண்ணி செய்யூரில், அவர் அம்மா வீட்டில் இருக்கிறார். சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. மனச்சோர்வு என்று சொல்லி, முன்பு உனக்கும் அதற்காகக் கொடுத்த அதே மாத்திரையை டாக்டர் அவருக்கும் எழுதினார். அட்டையைப் பார்த்ததுமே அண்ணி தூக்கி எறிந்துவிட்டார்.

“இத்த நான்தான் அவருக்குத் தெனம் எடுத்துக் குடுத்துகினு இருந்தேன். அதான் கொடல்ல கேன்சரா வந்து நின்னுச்சு. நானே கொன்னுட்டேன் செல்வி.”

எங்கள் டாக்டரிடம் கேட்டேன். “இந்த மாத்திரை கூட்டுற செரோடோனின்ங்கற சுரப்பு மூளையில மட்டும்தான் இருக்குன்னு நெனைக்கிறாங்கம்மா. அது அதிகமா ஊறுறதே குடல்லதான். குடல் அசையறதுக்கே அது வேணும். மாத்திரை அதைத் தொடுறதால மொதல்ல கொஞ்சம் வயிறு கலக்கும். ஆனா கேன்சரை அது கொண்டுவரும்னு யாரும் நிரூபிக்கல” என்றார். பிறகு, “உங்க அண்ணன் மொதமொதல்ல மலத்துல ரத்தம் எப்ப பாத்தாரு?” என்று கேட்டார்.

தெரியாது என்று சொல்லிவிட்டேன், அண்ணா.

எனக்கா தெரியாது? அந்த மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்பே, ஒருநாள் ஷிஃப்ட் முடிந்து கிளினிக்குக்கு வந்து, மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னாயே. “வெளிய போனா ரத்தம் வருது செல்வி. உங்க அண்ணிகிட்ட சொல்லிடாத.”

வேறு யாராவது சொல்லியிருந்தால், எத்தனை நாளாக, என்ன நிறம் என்று கேட்டு, டாக்டர் அறைக்குள் அனுப்பியிருப்பேன். நீ அண்ணன். எனக்குக் கூச்சமாக இருந்தது. “சூடுதான், மூலமா இருக்கும், மோர் குடி” என்று ஒரு களிம்பைக் கையில் திணித்தேன். எட்டு மாதம் அந்தக் களிம்பையே வாங்கிப் போனாய். என்மேல் அவ்வளவு நம்பிக்கையா உனக்கு?

ரத்தம் வந்தது மாத்திரைக்கு முன்னால். இந்த ஒரு வார்த்தை போதும், அண்ணியை விடுவிக்க. அது தெரிந்தவர்கள் நாம் இரண்டு பேர்தான். இப்போது நீயும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை செய்யூர் போகிறேன். சொல்லாதே என்ற உன் பேச்சை மீறப்போகிறேன். தப்பு மாத்திரைமேலும் இல்லை, உங்கள்மேலும் இல்லை, என்மேல்தான் என்று அண்ணி முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதன் பிறகு என்னை வீட்டுக்குள் சேர்க்க வேண்டாம். அவர் அந்த மாத்திரையைப் போட்டுக்கொண்டால் போதும்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி