எட்டாவது ரவுண்டில் எத்தனை குத்து

என்னங்க, உங்களுக்கு என் வணக்கம். சாமி புண்ணியத்தில் நான் நலம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

நான் சமைத்துப் போடும் குத்துச்சண்டைக்காரருக்கு நேற்றுக் காலை தேர்வு நடந்தது. நூற்று முப்பது கிலோ மனிதர், வாசலில் ஒருக்களித்துத்தான் நுழைவார். அவ்வளவு பெரிய உடம்புக்குச் சீக்கிரமே மூச்சு வாங்கிவிடும். எட்டு ரவுண்டில் ஒவ்வொன்றிலும் முப்பது குத்தாவது விட்டால்தான் போட்டிக்கு அனுப்புவார்கள். இல்லையென்றால் இந்தப் பயிற்சி முகாமைக் கலைத்துவிடுவார்கள், நானும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஜபம் எண்ணிப் பழகிய கை என்று பயிற்சியாளர் என்னையே எண்ணச் சொன்னார்.

ஏழு ரவுண்டு தாண்டிவிட்டார். எட்டாவதில் கையைத் தூக்கவே திணறினார். விரல் கணுக்களில் எண்ணி, இருபத்தொன்பது என்றேன்.

"அக்கா, நல்லா எண்ணினீங்களா?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"யானை மாதிரி இருந்துக்கிட்டு அழாதடா" என்றார் பயிற்சியாளர்.

எனக்குத்தான் உறுத்தியது. அந்த ரவுண்டு முழுக்க என் மனசு நம் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. "சார், எதுக்கும் வீடியோவைப் போட்டுப் பாருங்க" என்றேன். பார்த்தார்கள். முப்பத்தொன்று.

அவர் தடாலென்று என் காலில் விழுந்தார். எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஆகவே போட்டி முடியும்வரை, இன்னும் ஆறு மாதம் நான் இங்கேதான். முடிந்தால் உங்கள் பழைய போர்வையை அனுப்பி வையுங்கள். துவைக்க வேண்டாம். அடுப்பில் பால் பொங்குகிறது, நிறுத்துகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி