நாங்கள் வைக்க மறந்த சூரியன்

இன்று காலை ஆய்வுகூடத்து அலுமாரியைத் திறந்தபோது முதலில் வந்தது திருநீற்று வாசம். உம்முடைய பழைய பஞ்சாங்கம் இன்னும் மேல்தட்டில்தான் கிடக்கிறது. பௌதிகம் படிப்பிக்கிற அறையில் பஞ்சாங்கம் எதற்கென்று கேட்டவர்களுக்கெல்லாம் நீர் சொன்ன பதில் ஒன்றுதான்: "கோயில் ஐயர் வீட்டுப் பிள்ளையிட்ட வேற என்ன இருக்கும்?" அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு கணினியைப் போட்டேன்.

அதிபர் இனிப் பொறுக்கமாட்டார். வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பிய கணினிகள் பெட்டியோடு கிடக்கின்றன. ஈர்ப்பையும் கோள்களின் ஓட்டத்தையும் பிள்ளைகளுக்குக் காட்ட எந்த மென்பொருளைப் போடுவதென்று திங்கட்கிழமைக்குள் சொல்லச் சொல்லிவிட்டார். இத்தனை மாதமாக நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். பௌதிகம் படிப்பிக்கிற நானும் கணிதம் படிப்பித்த நீரும் சேர்ந்து தொடங்கிய வேலை அது. தனியே முடித்தால், நீர் இல்லை என்று நானே கையெழுத்து வைத்துக் கொடுத்ததாகிவிடும் என்று ஒரு பயம்.

அந்த இரண்டு மென்பொருள்களும் நினைவிருக்கிறதா? ஒன்று பெரிய வடிவு, கண்ணுக்கு அழகு. வானம் நிறைய நட்சத்திரங்கள், நிறம் நிறமாய்க் கோள்கள். மற்றதில் கறுப்புத் திரையில் சில வெள்ளைப் புள்ளிகள்தான். நிறை, தூரம், வேகம் எல்லாவற்றையும் நாங்களே கொடுக்க வேண்டும். ஈர்ப்பைக் கணக்கிட்டு அது ஓட்டிக் காட்டும். நான் புள்ளிகளின் கட்சி, நீர் நடுவர். இரண்டையுமே போட்டுவிடுவோம் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். இரண்டும் இருந்தால் பிள்ளைகள் வடிவானதைத்தான் திறப்பார்கள், ஆளில்லாத நேரத்தில் நாங்களும் அதைத்தான் திறப்போம் என்று சிரித்தீர்.

உம்முடைய சோதனை எளிது. பஞ்சாங்கத்தில் ஓர் அமாவாசையைத் தொட்டுக் காட்டி, அந்த நாளில் நிலாவை வைத்து ஓடவிடச் சொன்னீர். ஒரு சுற்று முடிகிற நாள், அடுத்த அமாவாசையாக இருக்க வேண்டும். வடிவான மென்பொருள் நாள் பிசகாமல் வந்து நின்றது. என் புள்ளி நிலாவோ இரண்டு நாள் முந்தியே சுற்றி முடித்துவிட்டது. தூரத்தை மாற்றினேன், வேகத்தை மாற்றினேன், ஒன்றும் சரிவரவில்லை. "உம்மட நிலாவுக்குச் சரியான அவசரம்" என்று அன்று முழுக்க என்னைச் சீண்டினீர்.

அடுத்த கிழமை பரிசோதனை முடிவு எடுக்கப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனீர். நானும் கூட வந்தேன். நயினாதீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகு புறப்பட்டபோது வெயில் முகத்தில் அடித்தது. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டீர். படகு திரும்ப, வெயில் மற்றப் பக்கம் வந்தது. தலைப்பை அந்தப் பக்கம் இழுத்த கை அப்படியே நின்றது.

"என்ன மடைச்சியள் நாங்கள்," என்றீர். "நிலா பிழை விடேல்லை. நாங்கள்தான் பூமியை நடுவில ஆணி அடிச்சு வைச்சிட்டம். சூரியனை வைக்கவே இல்லை."

அந்த ஒரு மாதத்துக்குள் பூமியும் சூரியனைச் சுற்றிக் கொஞ்சம் நகர்ந்துவிடும். மறுபடி சூரியனுக்கு நேரே வந்து அமாவாசையாக, நிலா இன்னும் இரண்டு நாள் ஓடத்தான் வேண்டும். வருடா வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். பஞ்சாங்கத்தோடு வளர்ந்தவர் நீர். அமாவாசையை விரத நாளாக மட்டுமே நினைத்ததால் வந்த வினை. படகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தோம். பின்னேரம் ஆஸ்பத்திரியில் முடிவைக் கையில் தந்தார்கள். அப்படி நாங்கள் பிறகு சிரிக்கவில்லை.

சூரியனை வைத்துப் பார்க்க எங்களுக்கு வாய்க்கவே இல்லை. கடைசியாக நான் வந்தபோது கட்டிலில் சாய்ந்திருந்தீர். என் கையைப் பிடித்து, "தெரிவு செய்தாச்சோ?" என்று கேட்டீர். சுகமாகி வாரும், சேர்ந்து செய்வோம் என்றேன். "என்னை எதிர்பார்த்துக்கொண்டு இருக்காதையும்," என்றீர். "பிள்ளையள் பாவங்கள்." அதற்குப் பிறகு இரண்டு கிழமைகூட நீர் இருக்கவில்லை.

இன்று சூரியனை வைத்தேன். தொடக்க நாளாக நீர் போன நாளைக் கொடுத்தேன். வேறு எந்த நாளும் மனதில் வரவில்லை. நாளை உமக்கு ஆட்டைத் திவசம், முதல் வருடத் திதி. திதியைப் பார்த்துச் செய்வதால் வருடம் முடிய முன்னமே வருகிறது என்று உம்முடைய அப்பா போன கிழமை சொல்லியிருந்தார். மகளின் திதியை அந்த மனிதர் தானே கணித்திருந்தார். திரையில் புள்ளி நிலா பன்னிரண்டு அமாவாசைகளைக் கடந்து, நீர் போன அன்று சூரியனிலிருந்து எவ்வளவு விலகி நின்றதோ அதே விலகலுக்கு மறுபடி வந்தது. நிறுத்திப் பார்த்தேன். நாளைய திகதி.

பிறகு, அந்தச் சூரியனின் நிறையைப் பூச்சியமாக்கிப் பார்த்தேன். பூமி வளையாமல் நேரே போனது, நிலாவையும் கூட்டிக்கொண்டு. வடிவான மென்பொருளில் இப்படிச் செய்ய வழியில்லை. முன்கூட்டியே எழுதிவைத்த பாதையைத்தான் அது காட்டும். எது எதைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பிள்ளைகள் எடுத்துவிட்டுப் பார்த்தால்தானே தெரியும். புள்ளிகளையே போடுவோம் என்று அதிபரிடம் போய்ச் சொல்லிவிட்டேன்.

திரும்பி வந்து, சூரியனை மறுபடி வைத்து, நாளைய திகதிவரை ஓடவிட்டேன். பஞ்சாங்கத்தை என் பைக்குள் வைத்துவிட்டுக் கணினியை நிறுத்தப் போகும்போதுதான் பூமியைப் பார்த்தேன். நிலாவின் கணக்கில் உமக்கு ஆண்டு முடிந்துவிட்டது. பூமி இன்னும் சுற்றை முடிக்கவில்லை. தொடங்கிய இடத்துக்கு வர அதற்குப் பத்துப் பதினொரு நாள் தூரம் மிச்சம் இருந்தது. போன வருடம் பூமி, இப்போது நிற்கிற இதே இடத்தில் நின்றபோது நீர் உயிரோடு இருந்தீர். கட்டிலில் சாய்ந்து, என் கையைப் பிடித்து, தெரிவு செய்தாச்சோ என்று கேட்டுக்கொண்டிருந்தீர்.

ஓம். செய்தாச்சு.