ஐந்தாவது வாசல்

நேற்றுப் பேத்தி மதுரையிலிருந்து வந்தாள். பையைத் திறக்கும் முன்பே தாழம்பூக் குங்குமத்தின் வாசனை கூடத்துக்கு வந்துவிட்டது. "மீனாட்சி கோயில் பிரசாதம் தாத்தா" என்று பொட்டலத்தை என் கையில் வைத்தாள். முகர்ந்து பார்த்தேன், உடனே உன் உள்ளங்கால் நினைவுக்கு வந்தது. குங்குமத்துக்கும் உள்ளங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று வீட்டில் யாரிடம் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக நம் பேச்சை நிறுத்திவிட முடியுமா என்ன?

அறுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி. நெய்வேலிச் சுரங்கத்தில் நமக்கு ஒரே ஷிப்ட். நான் மதுரையிலிருந்து பிழைக்க வந்தவன். நீ கம்மாபுரத்துப் பக்கத்து ஆள். கான்ட்ராக்டில் வருஷக்கணக்காகக் கிடந்த உனக்கு அந்த வாரம்தான் பெர்மனென்ட் ஆர்டர் வந்திருந்தது. கடலூருக்குப் போய் சினிமா பார்க்கலாம் என்று எல்லோரும் கூச்சல் போட்டார்கள். நீ என்னைத் தனியே இழுத்துக்கொண்டு போய், "மதுர, ஒங்க ஊருக் கோயிலுக்குள்ள என்னக் கூட்டிகினு போறியா?" என்று கேட்டாய். பேர் சொல்லி என்னை நீ கூப்பிட்டதே இல்லை. உனக்கு நான் எப்போதும் மதுரதான்.

அதை ஏன் கேட்டாய் என்று எனக்குத் தெரியும். உங்கள் ஊர் அம்மன் கோயிலுக்கு மண்டபம் கட்டியபோது உன் அப்பா கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார். வேலை நடந்தவரை தினமும் மண்டபத்துக்குள் போய்வந்தவரை, கும்பாபிஷேகம் முடிந்த மறுநாள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். உங்கள் ஆட்கள் உள்ளே வரக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அப்புறம் ஊரையே சுரங்கத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். "சாமியும் எங்கள மாதிரியே வூடு காலி பண்ணிச்சு" என்று சொல்லிச் சிரிப்பாய். ஆனால் இருபத்தாறு வயதுவரை எந்தப் பெரிய கோயிலுக்குள்ளும் நீ கால் வைத்ததில்லை.

விருத்தாசலத்தில் ரயில் ஏறி, காலையில் மதுரையில் இறங்கினோம். ரயிலடிக் குழாயிலேயே குளித்தோம். நடக்கிற தூரத்தில் என் அம்மா இருந்த வீடு. உன்னை அங்கே கூட்டிப்போகவில்லை. "கோயிலுக்கு நேரமாச்சுய்யா" என்று ஒரு சாக்குச் சொன்னேன். நீ யாரென்று அம்மா கேட்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். நீ தலையைத் துவட்டிக்கொண்டாய்.

கோபுரத்தைப் பார்த்ததும் உனக்கு வாய் மூடவில்லை. "நம்ம சொரங்கத்துல மண்ணு வெட்ற மிஷின விட ஒசரமா இருக்கும் போலருக்கே!" என்றாய். அம்மன் சன்னதி வாசலில் பூக்காரம்மாவிடம் செருப்பை விட்டதும் உன் முகம் சுண்டிப்போனது. என் சட்டையைப் பிடித்து இழுத்தாய்.

"மதுர, யாராச்சும் நீ யாருன்னு கேட்டா இன்னா சொல்றது?"

"மைன்ஸ்ல பெர்மனென்ட்னு சொல்லு."

நீ சிரிக்கவில்லை. அதை உதட்டுக்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாய். அதற்குள் பின்னாலிருந்து வந்த கூட்டம் நம் இருவரையும் உள்ளே தள்ளிவிட்டது. எத்தனையோ நாளாய் நீ நினைத்து நினைத்துப் பயந்த வாசலை, ஒரு பாட்டி தன் முழங்கையால் இடித்தே தாண்டவைத்துவிட்டாள்!

யாரும் கேட்கவில்லை. யானை உன் தலையில் தும்பிக்கையை வைத்தது. கூண்டுக் கிளிகள் கத்தின. அம்மன் முன்னால் நின்றபோது கும்பிடக்கூட மறந்து நின்றாய். சன்னதியை விட்டு வந்ததும் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்கார்ந்து ஓவென்று சிரித்தாய். நானும் சிரித்தேன். கைப்பிடித்துக் கூட்டிவந்த பெருமை எனக்கு! சரி, கிளம்பலாம் என்று எழுந்தேன்.

"இரு, வெளிய போய்கினு வந்துடறேன்" என்று தெற்குக் கோபுரத்துக்கு ஓடினாய். வாசலைத் தாண்டி வெளியே போய், அங்கேயே திரும்பி மறுபடி உள்ளே வந்தாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"மொதல்ல வந்தது எனக்கு. இது எங்கப்பாருக்கு" என்றாய்.

அப்புறம் உன்னைப் பிடிக்க முடியவில்லை. நடை சாத்த இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. கோபுரங்களை ஒட்டி உள்ளே சுற்றிவரும் ஆடி வீதிக் கல் அடுப்பு மாதிரிக் கொதித்தது. நீ மேற்குக் கோபுரத்துக்கு ஓட, நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உன் பின்னாலேயே துள்ளித் துள்ளி ஓடினேன். "ஏப்பா, மெதுவாய்யா! கோபுரம் எங்கிட்டும் போயிராது!" என்று கத்தினேன். மேற்கு வாசலில் நுழைந்தது உன் அம்மாவுக்கு. வடக்கு வாசலில் நுழைந்ததும் மூச்சு வாங்க நின்றாய்.

"இது யாருக்குய்யா?" என்று கேட்டேன்.

"இது யாருக்கும் இல்ல. சும்மா. புடிச்சிருக்கு, வந்தேன்."

அந்த 'சும்மா'வில் நான் ஆடிப்போனேன். பிறந்ததிலிருந்து அந்தக் கோயிலுக்குச் சும்மாவே போய்வந்தவன் நான்; அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கூடவே, காலையில் நான் சொன்ன சாக்கை நினைத்து வெட்கமாக இருந்தது. "வாய்யா, வீட்டுக்குப் போயிச் சாப்பிடுவோம்" என்றேன்.

நீ அசையவில்லை. "கேட்டா?"

"கேக்கட்டும். நான் இருக்கேன்ல."

அம்மா கேட்கத்தான் செய்தாள். இலை போட்டுச் சோற்றை வைத்ததுமே, "தம்பிக்கு எந்த ஊரு? யாரு வீட்டுப் புள்ள?" என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ நிமிர்ந்து உட்கார்ந்தாய்.

"நெய்வேலிங்கம்மா. மைன்ஸ்ல பெர்மனென்டுங்க."

கோயிலில் செலவாகாத பதில் என் வீட்டில் செலவானது. அம்மா அதோடு விடவில்லை. மடக்கியிருந்த உன் காலைப் பார்த்துவிட்டாள். "உள்ளங்காலு ஏன்யா இப்புடிக் கொப்புளிச்சுக் கெடக்கு?" என்று கேட்டாள். நீ மளமளவென்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டாய்: அப்பா சுமந்த கல், தெருமுனை, நான்கு வாசல், சும்மா. நான் அம்மாவின் முகத்தையே பார்த்தேன். அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். பிறகு உள்ளே போனாள். அவ்வளவுதான், இனி வர மாட்டாள் என்று நினைத்தேன்.

கிண்ணத்தில் வெண்ணெயோடு வந்தாள். "சாப்பிட்டுட்டுக் கால்ல தடவிக்க. எரிச்சல் நிக்கும்" என்று கிண்ணத்தை உன் இலைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, உனக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டாள். எனக்குப் போடவில்லை.

ரயிலில் காலை மடித்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினாய். "மொத்தம் அஞ்சு வாசல்யா மதுர!" என்று பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாய். மறுநாள் முதல் ஷிப்டில் எல்லோரிடமும் அதையே சொல்லிக்கொண்டிருந்தாய்.

இன்றைக்கும் என் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் "சாப்பிட்டாச்சா?" என்பதுதான் என் முதல் கேள்வி. "யாரு வீட்டுப் புள்ள?" என்ற அந்த இன்னொரு கேள்வியை அன்றிலிருந்து நான் யாரிடமும் கேட்டதில்லை. அது உன் கொப்புளம் எனக்குக் கொடுத்தது. உனக்கு அந்த ஐந்தில் குறை ஒன்றும் இருக்கவில்லை. எனக்குத்தான் இருக்கிறது. ரயிலடியில் தலையைத் துவட்டிக்கொண்டு நின்றாயே, அப்போதே உன்னைக் கூட்டிப்போயிருந்தால் என் வீடு உனக்கு முதல் வாசலாக இருந்திருக்கும்.