கயிறு தெரிந்த படம்

8.8.1972, செவ்வாய்

கல்லூரி நாளில் தோழிகளோடு பார்த்துக் கேலி செய்த படம், முகமூடி வீரன் வானத்தில் பறப்பானே, அது ராயபுரத்துக்கு மறுபடி வந்திருக்கிறது. கேட்டால் இவர் விடமாட்டார். சொல்லாமல், குழந்தையோடு, பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவுடன் பகல் காட்சிக்குப் போனேன்.

வீரன் பறந்ததுமே கூச்சல். "நைனா, கயிறு தெரியுது! அறுந்துறப் போவுது!"

அன்று நானும் அப்படிக் கத்தியவள்தான். இன்று சிரிப்பு வரவில்லை. அவன் நகரவே இல்லை. கயிற்றில் தொங்கியபடி கையை நீட்டிச் சிரிக்கிறான். பின்னால் மேகம்தான் ஓடுகிறது.

"இன்னாம்மா, இந்தக் கலீஜு படத்துக்கா அழுவுறே?" என்றாள் அக்கா. குழந்தை கண்ணில் குத்திவிட்டது என்றேன்.

சாயங்காலம் துறைமுக வேலை முடிந்து வந்த இவர், "முகம் ஏன் வீங்கியிருக்கு?" என்றார்.

"மத்தியானம் தூங்கிட்டேன்."

"உனக்கென்ன, குடுத்துவெச்சவ."