கறுப்பு மை பூசிய ஏழாம் வரி

அன்புள்ள சின்னுவுக்கு,

உன் அத்தையின் மூச்சிரைப்பையும் உன் அப்பாவின் முகத்தூக்கலையும் கழித்துவிட்டுப் பார்த்தால் கடவுள் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம். நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். நேற்று சாயங்காலம் நம் கூடத்தில் இருந்தவர்கள்: நான், அப்பா, அப்பாவின் அக்காவான உன் அத்தை, மாடிவீட்டுத் தையல்காரம்மா, கீழ்வீட்டு ரிட்டயர்டு கண்டக்டர். ஆக ஐந்து பேர். பூனை வாசலோடு நின்றுவிட்டதால் சேர்க்கவில்லை. இதை முதலிலேயே எழுதுவதற்குக் காரணம், அப்பா உனக்குப் போன் செய்து அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லக்கூடும், அப்போது சாட்சி வேண்டும்.

புதுக் காய்ச்சலுக்கு ஊசி போடுகிறார்கள் அல்லவா, அத்தை அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போன வருஷம் பதினோரு நாள் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தவர், இன்னொரு காய்ச்சலை அந்த நுரையீரல் தாங்காதாம். முகாமோ இந்தச் சனிக்கிழமையோடு முடிகிறது. ஆனால் ஊசியைச் சோதித்துப் பார்த்தபோது யாருக்கு என்ன ஆயிற்று என்று ஊரே கேட்டதற்கு, சுகாதார ஆபீஸ் நாற்பத்திரண்டு பக்கம் வெளியிட்டது, அதில் முப்பத்தொரு பக்கம் மேலிருந்து கீழ்வரை கறுப்பு. நல்ல லைனிங் துணி மாதிரி இருக்கிறது என்றாள் தையல்காரம்மா. அத்தை அன்றைக்கே முடியாது என்றுவிட்டார். போதாக்குறைக்குப் பக்க விளைவு என்றால் பக்கத்தில் இருப்பவர்களுக்கு வரும் விளைவு என்று அவராகவே அர்த்தம் பண்ணிக்கொண்டு, ஊசி போட்டுக்கொண்ட தையல்காரம்மாவோடு மாடிப்படியில் ஒன்பது படி தள்ளி நின்றுதான் பேசினார். அகராதியை எடுத்து வாசித்துக் காட்டினேன், அதையும் அவர்கள்தானே அச்சடிக்கிறார்கள் என்றார்.

நானே அந்த ஆபீஸுக்குப் போனேன். மூன்றாவது ஜன்னலில் இருந்தவர் தலை நிமிராமலே, "காட்டினா ஜனங்க பயந்துடுவாங்கம்மா, உங்க நல்லதுக்குத்தான்" என்றார். காட்டாததால்தான் ஐயா பயப்படுகிறார்கள் என்றேன். அடுத்தவர் வரலாம் என்றார். சரி, நம் கட்டிடத்துக்காவது நாம் எழுதி வைப்போம் என்று, துணி வெளுக்கப் போட்டதும் சிலிண்டர் வந்ததும் எழுதுகிற நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்தேன். ஊசி போட்டுக்கொண்டவர்கள் பதினாலு பேர், பதினாலு வரி. என்ன தேதி, எந்தக் கை, எத்தனை மணி நேரம் காய்ச்சல், வேறு என்ன. முதல் வரி நான், கைவலி ஒரு நாள். மூன்றாவது தையல்காரம்மா, கைவலி இரண்டு நாள், ஒரு ஜாக்கெட்டின் கையை உள்வெளியாகத் தைத்துவிட்டாள். அது எப்போதும் நடப்பதுதான் என்று அவளே சொன்னாலும் எழுதிவிட்டேன், நம்மிடம் ஒளிவு மறைவு இருக்கக் கூடாது. ஐந்தாவது கண்டக்டர், ஒரு ராத்திரி காய்ச்சல், தூக்கத்தில் வீட்டில் எல்லோரிடமும் டிக்கெட் கேட்டிருக்கிறார். அத்தைக்கு இதையெல்லாம் தினமும் வாசித்துக் காட்டினேன், பரவாயில்லையே என்று சொல்லி முகாமுக்கு டோக்கன் எடுக்கும் அளவுக்கு வந்துவிட்டார்.

ஏழாவது வரி உன் அப்பா. முகாம் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவள் தையல்காரம்மா. அவளுக்குத்தான் போட்டு உள்ளே உட்கார அனுப்பினார்கள், பக்கத்தில் நின்று அந்த ஊசியைப் பார்த்த இவர் அடுத்த நிமிஷமே நாற்காலிகளின் மேல் சாய்ந்துவிட்டார். தீயணைப்பு வண்டி ஓட்டுகிற மனுஷன், நர்ஸுகள் மூன்று பேர் தூக்க வேண்டியதாயிற்று. பிறகு படுக்க வைத்துத்தான் போட்டார்கள். தையல்காரம்மா பாவம், உள்ளே போனவள் இதைக் கவனிக்கவில்லை. நான் உள்ளபடி எழுதினேன்: ஊசி போடுமுன்பே மயக்கம், பக்கத்தில் நின்றிருந்தபோது. எழுதிவிட்டு வாசித்துப் பார்த்தால் எனக்கே திக்கென்றது, அத்தை கேட்டால் நான் சொன்னது சரியாய்ப் போயிற்று என்பாரே. அப்பாவும், ஸ்டேஷனில் தெரிந்தால் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, அந்த வரியை மட்டும் அடித்துவிடு என்று கெஞ்சினார். அழுத்தமாகக் கறுப்பு மை பூசிவிட்டேன்.

அதுதான் நான் செய்த தப்பு. மறுநாள் வாசிக்கும்போது அத்தை கறுப்பைப் பார்த்துவிட்டார். மத்தியானத்துக்குள் அப்பாவுக்கு முதுகில் ஏதோ முளைத்திருக்கிறது என்று கட்டிடம் முழுக்கப் பேச்சு, வெட்கத்தில் அவர் யாரிடமும் பேசாததால் சாயங்காலம் அவருக்குக் குரலும் போய்விட்டது. படியில் அவர் ஏறினால் ஆட்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். கண்டக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மனசைத் திடமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அத்தை முகாமுக்கு எடுத்த டோக்கனைக் கிழித்தே போட்டுவிட்டார். தையல்காரம்மா சும்மா இருப்பாளா, "அந்த ஆபீஸ்ல போய்ச் சண்டை போட்டீங்களே அக்கா, இப்ப வீட்டுக்குள்ளயே ஒரு ஆபீஸ் திறந்துட்டீங்களா" என்று கேட்டாள். காட்டினால் பயந்துவிடுவார்கள் என்று என் வாயிலிருந்தும் அதே வார்த்தை வந்தது சின்னு. சாமி கும்பிடக் கை குவித்தால் விரலெல்லாம் மை. கடவுளிடம் அத்தைக்காக எதைக் கேட்பது, எந்த முகத்தோடு கேட்பது.

அதனால்தான் நேற்று எல்லோரையும் கூப்பிட்டேன். நீங்கள் சொல்கிறீர்களா நான் சொல்லட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். எழுந்து விறைப்பாக நின்று, அதிகாரிக்கு அறிக்கை கொடுப்பதுபோல, "ஊசியைப் பாத்தேன், விழுந்தேன். குத்தினது என்னை இல்லை, அந்தம்மாவை" என்றார். அதைத்தானே நான் சொல்கிறேன், பக்க விளைவு என்று அத்தை கையைத் தட்டினார். எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். ஆனால் அடுத்த நிமிஷம் அவருக்குச் சிரிப்பு பிடித்துக்கொண்டது, இன்ஹேலர் எடுத்துக் கொடுக்க வேண்டியதாயிற்று. சின்ன வயசில் காலில் தைத்த முள்ளை எடுக்க ஊசியைக் காட்டினாலே இவன் விழுவானே, மறந்தே போனேன், இது ஊசியின் விளைவு இல்லை, இவனுடைய விளைவு என்றார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்து, "ஒரு வரியை மறைச்சா மத்த பதிமூணு வரியை நான் எப்படி நம்புறது, சொல்லு" என்றார். இன்று காலை அவரே புது டோக்கன் வாங்கிப் போட்டுக்கொண்டார், அப்பா தெருமுனையிலேயே நின்றுகொண்டார். பதினைந்தாம் வரி: இடது கை லேசான வலி, காய்ச்சல் இல்லை, மத்தியானம் இரண்டு தடவை சாப்பாடு.

நீ ராத்திரி வேலை முடிந்து வெறும் வயிற்றோடு தூங்காதே. தலையை ஈரத்தோடு கட்டாதே. உடம்பு சரியில்லை என்றால் எங்களைப் பயப்படுத்த வேண்டாம் என்று நினைத்து மறைக்காதே, உன் குரலிலேயே தெரிந்துவிடுகிறது, மிச்சத்தை நாங்களாக இட்டு நிரப்பிக்கொண்டு அதிகமாகப் பயப்படுகிறோம். கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார்.

அந்த முப்பத்தொரு பக்கத்தை முறைப்படி கேட்டு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்க வேண்டும். எந்தத் தகுதியில் கேட்கிறீர்கள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. தீயணைப்பு வண்டி ஓட்டுநரின் மனைவி என்று போடச் சொல்கிறார் அப்பா, சமூக ஆர்வலர் என்று போட்டால் நடுங்குவார்கள் என்கிறார் கண்டக்டர். ஊசி போட்டுக்கொண்டவள் என்று போடு, அதற்கு மேல் என்ன தகுதி வேண்டும் என்றார் அத்தை. அதைத்தான் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன். அதன் மேல் மையால் எழுதலாமா என்று சீக்கிரம் பதில் எழுது.

ஆசிகளுடன்,
அம்மா