என் தட்டுகளைத் திருப்பிக் கொடு

ஜூன் 4

என் அக்கா வயிற்றில் பிறந்த கொள்ளைக்காரிக்கு,

உன் தாய்மாமன் எழுதுவது. நலமா என்று கேட்க மாட்டேன். நலமில்லாத ஒருத்தியால் இவ்வளவு பெரிய அக்கிரமத்தைச் செய்திருக்க முடியாது.

இன்று கூரியர்க்காரர் ஒரு பெட்டி கொடுத்தார். என் சிடிக்கள் திரும்பி வந்துவிட்டன என்று வாசலிலேயே நின்று கிழித்தேன். உள்ளே சோப்புக் கட்டி அளவில் ஒரு கறுப்புச் சாமான். கூடவே உன் துண்டுச் சீட்டு: "மாமா, உங்க பாட்டெல்லாம் இதுக்குள்ள இருக்கு. பிளக்கை மாட்டி ஒரு பட்டனை அமுக்கினா போதும்." போதுமா? நாளைக்கு ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டி, "இதான் மாமா கடல், குளிச்சுக்கோங்க" என்பாய்!

'கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு ஒரே மாசத்துல தந்துடறேன்' என்று சொல்லித்தானே அலமாரியைக் காலி செய்தாய்? அதற்குப் பிறகு பேரரசுகள் கவிழ்ந்து எழுந்துவிட்டன. ஊரில் பாதிப் பேர் வாய்க்குள் கைவிட்ட பல் டாக்டர் சொல்கிறேன், என் அலமாரியைப் போல ஒரு பொக்கை வாயை நான் பார்த்ததில்லை.

உன் சாமானுக்குள் எல்லாப் பாட்டும் இருக்கிறதாம். அதுதான் கோளாறே. சிடி என்றால் ஒன்றை எடுக்க வேண்டும், மற்றதையெல்லாம் விட வேண்டும். போட்டுவிட்டால் கடைசிப் பாட்டு வரை உட்கார வேண்டும். எல்லாம் கிடைக்கிறவன் எதையும் முழுசாகக் கேட்க மாட்டான்.

ஒரு வாரத்தில் என் சிடித் தட்டுகள் வராவிட்டால், உன் பல்லை நான் பிடுங்கிய அன்று நீ போட்ட ஆட்டத்தை உன் ஆபீஸ் மேனேஜருக்கு விவரமாக எழுதுவேன்.

கொதிப்புடன்,
பல் சாம்ராஜ்யத்தின் சக்கரவர்த்தி

பி.கு.: கிளினிக்கில் இன்னும் பெயின்ட் அடிக்கிறார்கள்.


ஜூன் 11

அன்புள்ள மாமாவுக்கு,

மேனேஜருக்குத் தாராளமாக எழுதுங்கள். அவருக்கும் பல் வலிதான்.

சிடியில் இருக்கிற சத்தம் ஒரு துளி குறையாமல் அந்தச் சாமானில் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் உங்களாலேயே கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவையாவது போட்டுப் பார்த்தீர்களா?

ஒரு சந்தேகம் மாமா. கம்ப்யூட்டரைத் திட்டுகிற கடிதத்தைக் கம்ப்யூட்டரில் அடித்து அனுப்பியிருக்கிறீர்களே, ஏன்? பிறந்தநாள் வாழ்த்தைக்கூடச் சுழித்துச் சுழித்து எழுதி, "இது எழுத்தா, நகையா?" என்று என்னையே கேட்கிறவர் நீங்கள்.

பொங்கலிலிருந்தே பெயின்ட் அடிப்பதாகச் சொல்லிக் கிளினிக்கை மூடி வைத்திருக்கிறீர்கள். இரண்டு அறைக்கு எத்தனை கோட்டிங்?

சிடிக்கள் பத்திரமாக இருக்கின்றன. இப்போது அனுப்புவதாக இல்லை.

உங்கள் மருமகள்


ஜூன் 18

சிடித் திருடிக்கு,

பேனாவில் மை தீர்ந்துவிட்டது. இந்தக் கண்டத்திலேயே மை தீர்ந்துவிட்டது. தெருமுனை ஜெராக்ஸ் கடை அம்மாவிடம் அடிக்கக் கொடுக்கிறேன். நான் சொல்கிற வசவுகளில் பாதியை அவர் அடிக்க மறுக்கிறார். அதனால் நீ படிப்பது சர்க்கரை தூவிய பிரதி.

என் கிளினிக், என் பெயின்ட். உனக்கென்ன?

உன் சாமானைப் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். கரப்பான் பூச்சிகள் கச்சேரி கேட்கட்டும். தட்டுகள் வரும்வரை உனக்கு மாமன் கிடையாது. போன் செய்தாலும் எடுக்க மாட்டேன்.

முன்னாள் மாமன்


ஜூன் 25

மாமா,

இப்போது எனக்குக் கோபம் வருகிறது. ஜெராக்ஸ் கடை அம்மாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டாதீர்கள்.

உங்கள் பழைய சிடிக்களைக் கம்ப்யூட்டர் மளமளவென்று படித்தது. நீங்கள் தினமும் போடுகிறவைதான் திணறின. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே மாதிரிக் குறுக்குக் கீறல், எல்லாம் புதுசு. பிளேயரின் தட்டத்தில் வைக்கப் போய், குறி தவறித் தவறி இடித்த கீறல்கள். நான் ஒரு சிடியின் பின்பக்கத்தில் விரல் வைத்துவிட்டேன் என்று நாள் முழுக்கப் பேசாமல் இருந்த மனிதரின் சிடிக்கள் அவை.

கை நடுங்குகிறது, இல்லையா? அதனால்தான் கிளினிக்குக்குப் பெயின்ட், பேனாவுக்கு மை இல்லை. அம்மா போன் பண்ணினால் "சிங்கம் மாதிரி இருக்கேன் அக்கா" என்று கர்ஜனை வேறு!

அதற்காகத்தான் ஒரே பட்டனில் பாடுகிற மாதிரி அந்தச் சாமானைச் செய்து அனுப்பினேன். நீங்கள் பீரோவுக்கு அடியில் தள்ளினீர்கள்.

நரம்பு டாக்டரைப் பார்க்கிற வரைக்கும் ஒரு சிடியும் வராது. இஷ்டம் போலத் திட்டிக்கொள்ளுங்கள்.

இன்னமும் உங்கள் மருமகள்தான்


ஜூலை 20

ஒற்றர் படைத் தலைவிக்கு,

என் கையெழுத்துதான் இது. பூகம்பத்தில் எழுதியது போல இருக்கும். நகை இல்லை, தகரம். சிரித்தால் கொன்றுவிடுவேன்.

நான் தினமும் துடைத்துத் துடைத்து வைத்த தட்டுகளே என்னைப் பற்றி உன்னிடம் கோள் சொல்லியிருக்கின்றன. துரோகிகள்!

ஒன்று மட்டும் தெரிந்துகொள். நடுங்கிய கையை ஒருத்தர் வாய்க்குள்ளும் நான் விடவில்லை. பொங்கல் சமயத்தில் ஒரு நாள் ஊசியை எடுத்தேன். நாற்காலியில் இருந்தவர், "என்ன டாக்டர், என்னைவிட உங்களுக்குப் பயமா இருக்கா?" என்றார். அன்றே ஷட்டரை இறக்கிவிட்டேன்.

உன் நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கையை நீட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார், மாத்திரை எழுதினார். நடுக்கம் கொஞ்சம் அடங்குமாம். பல் வேலையை மறந்துவிட வேண்டுமாம். அதை அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். கடைவாயில் பெரிய சொத்தை தெரிந்தது. நான் சொல்லவில்லை. அவஸ்தைப்படட்டும்.

உன் சாமானைக் குடைக்காம்பால் வெளியே இழுத்து மாட்டினேன். பாடுகிறது. நன்றாகவே பாடித் தொலைக்கிறது. அதுதான் எரிச்சல்.

கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. தட்டுகளைக் கூரியரில் அனுப்பாதே. நீயே கொண்டு வா. எதைப் போட வேண்டும் என்று நான் அதட்டுவேன், நீ போடு. பின்பக்கத்தில் விரல் பட்டால் தொலைந்தாய்.

மாமா