வெள்ளகோவில் மச்சானுக்குத் தராத மாத்திரை

ஜூலை 7, திங்கள்

சாரல். ஆஸ்பத்திரியிலிருந்து கணபதியாகிய நான் வீட்டுக்கு வந்தாயிற்று. புது முட்டி. இப்படியொரு உறுதியான எலும்பை டாக்டர் பார்த்ததே இல்லை. (வாய்விட்டுச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்தது.)

கிளம்பும்முன் நர்ஸ் அம்மணி வலி மாத்திரைக்கு வகுப்பு எடுத்தது. "இது சாதா மாத்திரை இல்லீங்க, ஓபியாய்டு, அபினி ஜாதி. அளவு மீறினா மூச்சே மெதுவாயிரும். குடிச்சுப்போட்டுப் போடக்கூடாது, தூக்க மாத்திரையோட ஆகவே ஆகாது. வண்டி ஓட்டாதீங்க. மீந்தா யாருக்கும் குடுக்காம எங்ககிட்டயே கொண்டாங்க. எங்கெ, திருப்பிச் சொல்லுங்க."

அங்கே அதுதான் முறை. நோயாளி தன் வாயால் சொன்னால்தான் வீட்டுக்கு விடுவார்கள். பக்கத்துக் கட்டில்காரர் திணறினார். எட்டாம் வகுப்பு படித்த நான் ஒரே மூச்சில். மலச்சிக்கலுக்குக் கொய்யாப்பழம் என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன். வார்டே வாய் பிளந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வெயில். வலி பரவாயில்லை. பார்க்க வருகிறவர்கள் ஓயவில்லை. ஆப்பிள், பிஸ்கட், மறுபடி ஆப்பிள். எல்லோருக்கும் மாத்திரை வகுப்பு. பாதிப் பேர் காபி குடிக்காமலே போய்விட்டார்கள், அவ்வளவு கவனம்.

மத்தியானம் வெள்ளகோவில் மச்சான். என் வீட்டுக்காரி சரசுவின் அண்ணன். தூக்கத்தில் மூச்சு அடைக்கிற வியாதி; ராத்திரி தூக்க மாத்திரை போட்டு, மூக்கில் மூச்சு மெஷின் மாட்டினால்தான் அவருக்கு உறக்கம்.

"மாப்ளே, இடுப்பு உசுரு போகுது. அந்த மாத்திரைல ரெண்டு குடுங்க."

"மச்சான், இன்னொரு முட்டிய வேணா கேளுங்க, கழட்டித் தர்றேன். இது ஆகாதுங்க."

"பொண்ணு குடுத்த ஊட்டுல ஒரு மாத்திரைக்கு வழியில்ல" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். முகம் கொடுக்காமல் கிளம்பிவிட்டார்.

ராத்திரி வேளைக்குத் தேடினால், மாத்திரைப் பட்டையே இல்லை. சரசு முந்தானையைத் திருகிக்கொண்டு: "அண்ணன் மூஞ்சி தொங்கிப்போச்சுங்க. வந்தவிங்கள வெறுங்கையோட அனுப்பறதுங்களா? வாழப்பழப் பையில போட்டு உட்டுட்டேன்."

எனக்கு வலி மறந்தே போயிற்று. போன் போட்டேன். கட் செய்தார். மறுபடி, கட். சரசு தன் போனிலிருந்து அண்ணன் சம்சாரம் நங்கையாவைக் கூப்பிட்டாள்.

"இப்பத்தான் சோறு சாப்பிட்டாரு அம்மணி. தூக்க மாத்திரையையும் அதையும் கையில வெச்சிருக்காரு."

பிடுங்கினேன் போனை. "நங்கையா, ஸ்பீக்கரப் போடுங்க. மச்சான், உங்க கால்ல உழுகறனுங்க."

"அந்த முட்டிய வெச்சுட்டா?"

"முடியாதுங்க. அதத்தான் சொல்றேன். நீங்க ரெண்டையும் முழுங்கினா, உங்களத் தூக்கிட்டுப் போறதுக்கும் என்னால வர முடியாது."

நர்ஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். தூக்க மாத்திரையும் இதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகும், மெஷின் வைத்திருப்பவருக்கு இன்னும் ஆபத்து என்று நானாக ஒரு வரியும் சேர்த்தேன். "எங்கெ, நீங்க திருப்பிச் சொல்லுங்க."

"நான் என்ன பள்ளிக்கூடத்துப் பையனா?"

"சொல்லுங்க மச்சான்."

முனகி முனகிச் சொன்னார். கடைசி வரை சொல்ல வைத்தேன். மாத்திரையைப் பட்டையோடு நங்கையா கையில் கொடுக்கும் சத்தமும் கேட்டது. என் பேச்சுக்கு ஈரோடு கலெக்டரே கட்டுப்பட்டவர்தான், ஆனால் இது அதைவிடப் பெரிது. சரசு அழுதாள். நான் திட்டவில்லை.

ஜூலை 9, புதன்

மேகமூட்டம். காலையிலேயே மச்சான் கார் வாசலில். பட்டையைத் தங்கச்சியிடம் நீட்டி, "எண்ணிக்கச் சொல்லு உங்கூட்டுக்காரர." என்னிடம் பேச்சில்லை.

பட்டை பீரோவில். பூட்டி, சாவி இடுப்பில்.

"உங்க இடுப்ப டாக்டர்கிட்டக் காட்டலாம், ஏறுங்க" என்று வாக்கரோடு நானே முதலில் காரில் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வேறு வழியில்லாமல் ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ் அம்மணி. என்னென்ன மாத்திரை போடுகிறார் என்று மச்சானைக் கேட்டது. தூக்க மாத்திரை, மெஷின், பிரஷர் எல்லாவற்றையும் நானே ஒப்பித்தேன்.

"நீங்க கொஞ்சம் இருங்க, அவரு சொல்லட்டும். உங்களுக்கு இவரு யாருங்கய்யா?"

மச்சான் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எங்க மாப்ளைங்க. அவரு சொன்னா செரியாத்தான் இருக்கும், எழுதிக்கங்க."